கசற் உங்களுடையது, காட்சி யாருடையது?

போன மாதம் அக்காவின் மகன் ஒரு ஷொப்பிங் பையோடு வீட்டுக்கு வந்தான். பைக்குள் ஒரு வீ.எச்.எஸ். கசற். முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில் நீலப் பேனையால் ‘2002 கூத்து, அழிக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. கசற்றின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால், சுருளின் ஓரத்தில் கோதுமை மா தூவியது போலப் பூஞ்சணம்.

2002 போர்நிறுத்தச் சமாதான காலத்தில் பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு வந்து வடமோடிப் பாணிக் கூத்து ஒன்றைப் படம்பிடித்துப் போனது. அது ஒளிபரப்பான இரவில் அவனுடைய பெரியப்பா டெக்கில், அதாவது வீட்டு வீடியோக் கருவியில், பதிந்து வைத்த கசற் இது. அதில் வரும் அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் ஆசான், இப்போது உயிரோடு இல்லை. மருமகன் அவரைப் பற்றித்தான் ஆவணப்படம் எடுக்கிறான்.

“மாமா, இதில பன்னிரண்டு செக்கன் போதும். அண்ணாவியார் களரிக்குள்ள, கூத்து மேடைக்குள்ள, வாற இடம். கசற் நம்மடதானே, போடலாம்தானே?”

இந்தக் கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். கசற் நம்முடையதுதான். காட்சி நம்முடையதல்ல. முதன்முதலாக ஆவணப்படம் எடுக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வயலை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். காணி உறுதி, வயலின் சொந்தக்காரரான போடியாரின் பெட்டிக்குள் இருக்கும். நீங்கள் குத்தகைக்கு எடுத்து விதைக்கலாம், வெட்டலாம். எத்தனை போகம் என்று பேசினீர்களோ அத்தனை போகம். ‘நான்தானே உழுகிறேன்’ என்று சொல்லி அந்த வயலை இன்னொருவருக்கு விற்க முடியாது. பழைய தொலைக்காட்சிக் காட்சிக்கு வாங்கும் அனுமதியும் ஒரு குத்தகைதான். எவ்வளவு துண்டு, எத்தனை வருடம், எங்கெங்கே காட்டலாம் என்று எல்லை போட்டுக் கொடுப்பார்கள். காட்சி கடைசிவரை அவர்களுடையதாகவே இருக்கும். பெரியப்பாவின் கசற்றோ, வரம்பில் நின்று எடுத்த வயலின் ஒரு படம் மாதிரி.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு நிகழ்ச்சியின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், அதைத் தயாரித்தவருக்கு. கமெரா பிடித்தவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்றால் அவர் கையில் பொதுவாக உரிமை இருக்காது; அவர் உங்கள் நண்பராக இருந்து, “எடு தம்பி, நான்தானே பிடிச்சது” என்று சொன்னாலும் அது செல்லாது. நிகழ்ச்சி முதலில் வெளியானதிலிருந்து 70 ஆண்டுகளுக்கு அந்த உரிமை ஓடும். அதற்கு மேல், ஒளிபரப்பிய நிலையத்துக்குத் தன் ஒளிபரப்பின்மேல் தனியாக ஒரு உரிமை உண்டு. அது ஒளிபரப்பிய ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையமான ஐ.ரி.என். தொடங்கியது 1979 ஏப்ரலில். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரி 15இல். நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கே 50 ஆண்டு முடிவது 2029 இறுதியில்தான். 70 ஆண்டு 2049இல். ஆகவே ‘பழசுதானே, யார் கேட்பார்கள்’ என்ற பேச்சுக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி விஷயத்தில் இடமே இல்லை. மருமகனின் 2002 கூத்துக்கு இதே கணக்கில் 2052, 2072. அவனுடைய பேரப்பிள்ளைகள் வேண்டுமானால் இலவசமாகப் போடலாம்.

இந்தத் திகதிகளால் இன்னொரு பிரயோசனம் இருக்கிறது. மட்டக்களப்புச் சூறாவளியின் ‘ரீவி கிளிப்’ கிடைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23. அன்றைக்கு இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. அசையும் படம் வேண்டுமென்றால் ஃபிலிமைத்தான் தேட வேண்டும்: 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவு, வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள், கையில் கமெரா வைத்திருந்த பாதிரிமார், தோட்டத்துரைமார். இல்லாத ஒன்றைத் தேடி இரண்டு மாதம் அலையாமல் இருக்கத் திகதி தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஒரு கிளிப்புக்குள் எத்தனை பேரின் உரிமை இருக்கிறது? மருமகனின் பன்னிரண்டு செக்கனையே எடுத்துக்கொள்வோம். காட்சி நிலையத்துடையது, அல்லது வெளியார் ஒருவர் தயாரித்து நிலையத்துக்குக் கொடுத்தது என்றால் அவருடையது. கூத்துப் பாட்டு பரம்பரையாக வருவது, அதற்குத் தனி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஏழாவது செக்கனில் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு இந்தியப் படப் பாட்டு மெல்லக் கேட்கிறது! திருவிழாக் களரி என்றால் பக்கத்துக் கடையில் ஏதாவது பாடிக்கொண்டுதானே இருக்கும். அந்தப் பாட்டின் இசைக்கும் வரிக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. தொலைக்காட்சி நிலையம் உங்களுக்கு அனுமதி தந்தாலும், தன்னிடம் இல்லாத அந்தப் பாட்டு உரிமையைத் தர முடியாது. சில வேளைகளில் சத்தத்தை எடுத்துவிட்டு மத்தளமும் சல்லரியும் புதிதாகப் பதிந்து போடுவதே மலிவு. முதலில் காதைத் தீட்டிக்கொண்டு கிளிப்பைக் கேளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இனி, எங்கே கேட்பது. உள்ளூர் நிலையத்தின் காட்சி என்றால் அந்த நிலையத்திடம். போர்க்காலம், 2004 சுனாமி போன்றவற்றுக்கு பிபிசி, ஏபி, ரொய்ட்டர்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் காப்பகங்களும் இருக்கின்றன. அவற்றில் வீட்டிலிருந்தே தேடலாம். தண்ணிக்குறி போட்ட மாதிரிப் பிரதியைப் பார்த்து, படத்தொகுப்பில் தற்காலிகமாக வைத்துப் பார்க்கவும் பல இடங்களில் விடுவார்கள். ஏபியும் பழைய செய்திப்படக் காப்பகமான பிரிட்டிஷ் மூவிட்டோனும் 2015இல் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட செய்திப் படங்களை யூடியூபில் ஏற்றின. பார்ப்பதற்குத்தான் ஏற்றியது, எடுத்துப் போடுவதற்குக் காசு கட்ட வேண்டும். தேடும்போது ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிப் பாருங்கள். கல்முனையையும் அக்கரைப்பற்றையும் வெளிநாட்டு எழுதுவினைஞர் எப்படி எழுதி வைத்திருப்பார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். சில காட்சிகள் ‘இலங்கை கிழக்கு’ என்ற பெயருக்குக் கீழேதான் கிடக்கும்.

யூடியூபில் யாரோ ஒருவர் பழைய நிகழ்ச்சியை ஏற்றியிருந்தால் அவரிடம் கேட்டு அனுமதி வாங்குவது வீண்வேலை. அவரும் உங்கள் பெரியப்பா மாதிரி டெக்கில் பதிந்தவராகவே இருப்பார். அவர் ‘எல்லோரும் பயன்படுத்தலாம்’ என்று போட்டிருந்தாலும், தன்னுடையதல்லாததைத் தானம் பண்ண அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அவருக்கு ஒரு வணக்கம் போட்டு, ‘இது எந்த வருடம், எந்த நிகழ்ச்சி’ என்று கேளுங்கள். அந்தத் தகவல் தங்கம்.

ஏனென்றால் கடிதம் எழுத அதுதான் தேவை. பலர் அனுப்பும் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். ‘எமது கலாசாரத்தை உலகறியச் செய்யும் நோக்கில்’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் ஓடும்; எந்தக் காட்சி வேண்டும் என்பது கடைசிவரை வராது. காப்பகத்தில் இருப்பவர் அதை வைத்து எந்த இறாக்கையில் தேடுவார்? மருமகனின் முதல் கடிதமும் இந்த ரகம்தான். இரண்டாவது தடவை இருவரும் உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

‘2002ஆம் ஆண்டு உங்கள் நிலையத்தில் ஒளிபரப்பான, மட்டக்களப்புக் கூத்து பற்றிய நிகழ்ச்சியில் 12 செக்கன் காட்சியைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறேன். எங்கள் வீட்டுப் பதிவில் அது 14ஆவது நிமிடம் 20ஆவது செக்கனில் தொடங்குகிறது. அண்ணாவியார் களரிக்குள் நுழையும் இடம். அதன் நிழற்படம் இணைத்துள்ளேன். படம் 40 நிமிட ஆவணப்படம், மாணவர் தயாரிப்பு. முதலில் மட்டக்களப்பிலும் பின்னர் திரைப்பட விழாக்களிலும் திரையிடுவேன். பிறகு இணையத்தில் இலவசமாக வெளியிட விரும்புகிறேன். இந்த மூன்றுக்கும் தனித்தனியாக உங்கள் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் தெரிவிக்கவும். மூலப்பதிவு உங்களிடம் இல்லையெனில், எங்கள் வீட்டுப் பதிவையே பயன்படுத்த அனுமதி தர முடியுமா என்றும் அறியத்தரவும்.’

கடைசி வரியைக் கவனியுங்கள். காட்சியைப் பிரதி எடுத்துத் தருவது ஒரு வேலை, உரிமை தருவது வேறு வேலை. இரண்டுக்கும் கட்டணம் வேறு வேறாக வரலாம். நாடா விலை கூடிய அந்தக் காலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து பழையதை அழிப்பது உலகெங்கும் நடந்தது. பிபிசியே அறுபது எழுபதுகளின் நிகழ்ச்சிகள் பலவற்றை அப்படி இழந்திருக்கிறது. நிலையத்தில் நாடா இல்லாமல் போகலாம், உரிமை அப்போதும் அவர்களிடம்தான் இருக்கும். அந்த நேரத்தில் பூஞ்சணம் பிடித்த வீட்டுக் கசற்றுக்குத் திடீரென்று மரியாதை வரும். (அதை அவசரப்பட்டு டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றையும் பிடிக்கும். வெயிலில் காயப்போடவும் வேண்டாம். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரே தடவையில் கணினிக்கு மாற்றுவதுதான் புத்தி.)

தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் தமிழில் எழுதி, ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்தே அனுப்பச் சொல்வேன். கொள்கையோடு சண்டை இல்லை. மொழிபெயர்ப்புக்காகக் கடிதம் மேசை மேசையாக ஏறி இறங்காமல் இருக்கட்டும் என்றுதான். பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

பதில் வந்தால் அதில் பார்க்க வேண்டியவை சில. எழுத்தில், இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். எங்கள் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. தொலைபேசியில் “ஓம் ஓம், பாவியுங்கோ” என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னதை நம்பிப் படத்தை முடித்து, அவர் இடமாற்றமாகிப் போன பிறகு முழித்த கதை என்னுடையது. இருபது நிமிடப் படத்தில் இரண்டு நிமிடத்தை வெட்டி எறிய வேண்டி வந்தது.

அப்புறம் காசு. வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் செக்கன் கணக்கிலோ நிமிடக் கணக்கிலோ கேட்கும், கூடவே ‘குறைந்தது இத்தனை செக்கன்’ என்று ஒரு விதி இருக்கும். செக்கனுக்கு 10 டொலர், குறைந்தது 30 செக்கன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் நாலு செக்கன் எடுத்தாலும் கட்டுவது 300 டொலர்தான். ஆகவே ஐந்து இடங்களிலிருந்து நாலு நாலு செக்கன் பொறுக்குவதை விட ஒரே இடத்திலிருந்து இருபது செக்கன் எடுப்பது மலிவு. இது படத்தொகுப்பு மேசையில் எடுக்க வேண்டிய முடிவு. படம் முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

விழாவுக்கு மட்டும் என்றால் விலை குறையும். தொலைக்காட்சி, இணையம், எல்லா நாடும், என்றென்றைக்கும் என்று கேட்டால் ஏறும். கையில் காசு இல்லாதவர்கள் செய்ய வேண்டியது, இப்போதைக்கு விழா உரிமையை மட்டும் வாங்கி, பிறகு இணையத்துக்கு விரித்தால் எவ்வளவு என்பதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்வது. படம் பரிசு வாங்கிய பிறகு போய்க் கேட்டால் விலை வேறாக இருக்கும்.

‘எத்தனை வருடம்’ என்ற வரியை யாரும் வாசிப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி 1987இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஐஸ் ஒன் த பிரைஸ்’ என்ற தொடர் பழைய செய்திக் காட்சிகளாலும் நிழற்படங்களாலும் பாட்டுகளாலும் கட்டிய ஒன்று. அவர்களால் அன்றைக்கு வாங்க முடிந்தது குறுகிய காலக் குத்தகைதான். தொண்ணூறுகளில் தவணைகள் முடிந்தன. மறுபடி ஒளிபரப்ப முடியாமல், புதிய பிரதி விற்க முடியாமல் தொடர் முடங்கிப் போனது. நன்கொடை திரட்டி உரிமைகளைப் புதுப்பித்து மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது 2006இல். போகம் முடிந்தால் வயலை விட்டு இறங்க வேண்டும். இது எவ்வளவு நல்ல பயிர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அனுமதியே கேட்காமல் போட வழி இல்லையா? உண்டு, ஆனால் அது நினைக்கிற வழி இல்லை. ‘ஏழு செக்கனுக்குள் என்றால் பிரச்சினை இல்லை’, ‘நன்றி போட்டால் சரி’, ‘இலாபம் எடுக்காவிட்டால் சரி’ என்று மூன்று நம்பிக்கைகள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. மூன்றும் சட்டத்தில் அப்படி இல்லை. சட்டத்தில் இருப்பது நியாயமான பயன்பாடு என்ற விதி. எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், வியாபாரத்துக்கா படிப்புக்கா. எடுத்த படைப்பு எப்படிப்பட்டது. எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்தது அதன் உயிர்நாடியா. அதனால் சொந்தக்காரரின் சந்தைக்கு நட்டமா: இந்த நாலையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஒரு உதாரணம். ‘அந்தக் காலத் தொலைக்காட்சி கூத்தை எப்படி வேடிக்கைப் பொருளாகக் காட்டியது’ என்று உங்கள் படம் பேசுகிறது. நிகழ்ச்சியின் எட்டுச் செக்கனைப் போட்டு, நிறுத்தி, ‘அறிவிப்பாளர் என்ன சொல்கிறார் பாருங்கள்’ என்று விமர்சிக்கிறீர்கள். அது நியாயமான பயன்பாட்டுக்குப் பக்கத்தில் வரும். மருமகனின் பன்னிரண்டு செக்கன் அப்படி இல்லை. அண்ணாவியார் வருகிற அழகுக்காக வைக்கிறான். தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அனுமதி வாங்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஆவணப்படக்காரர்கள் 2005இல் கூடி இந்த எல்லைகளைப் பற்றி ஒரு நடைமுறை அறிக்கையே எழுதினார்கள். வாசித்தால் தெளிவு வரும், ஆனால் அது அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதியது என்பதை மறக்காதீர்கள். செய்தியைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. அன்றாடச் செய்தி என்ற தகவலுக்கு இங்கே பதிப்புரிமை இல்லை. ‘கல்லடியில் கடல் ஏறியது’ என்று யாரும் சொல்லலாம். கடல் ஏறுவதைப் பிடித்த காட்சி வேறு விஷயம்.

சட்டம் கேட்காத ஒரு அனுமதியும் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அதுதான் பெரியது என்பது என் அபிப்பிராயம். சுனாமிக் காட்சியில் திருக்கோவில் கடற்கரையில் மகளைத் தேடி ஓடும் ஒரு தாய் வருகிறாள் என்று வையுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் காசு கட்டி, ஒப்பந்தம் வாங்கி, எல்லாம் சரியாகச் செய்துவிட்டீர்கள். அந்தத் தாயிடம் அன்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உங்கள் படத்தைப் பக்கத்து ஊரான தம்பிலுவிலில் போட்டால் முன்வரிசையில் அவள் இருக்கலாம். அல்லது அவளுடைய மற்றப் பிள்ளை இருக்கலாம். தொண்ணூறுகளில் தலையாட்டிக்கு, அதாவது முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆள் காட்டிக் கொடுப்பவருக்கு, முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்ட இளைஞர்களின் காட்சிக்கும் இதே கதைதான். சிலருக்கு அந்த முகம் வெளியே வருவது இன்றைக்கும் பயம். கிழக்கில் ஊர் சின்னது. விசாரித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். போய்ப் பாருங்கள், காட்சியை முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அண்ணாவியார் வீட்டுக்கும் மருமகனை இப்படித்தான் அனுப்பினேன். அவருடைய மனைவி கணினித் திரையில் அந்தப் பன்னிரண்டு செக்கனைத் திரும்பத் திரும்ப எட்டுத் தரம் போடச் சொன்னாராம். பிறகு, “சால்வை கழண்டு விழுற இடத்துக்கு முன்ன நிப்பாட்டு மனே” என்று ஒரே ஒரு நிபந்தனை.

காட்சி கைக்கு வந்தால் ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்துப் படம் நாலுக்கு மூன்று அளவு. இன்றைய அகலத் திரையை நிரப்ப அதை இழுத்து அண்ணாவியாரைப் பூசணிக்காய் ஆக்காதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும்.

பதிலே வராவிட்டால்? மௌனம் சம்மதமல்ல. மூன்று வாரம் பார்த்து இரண்டாவது கடிதம், பிறகு தொலைபேசி, முடிந்தால் நேரே போவது. அரச நிலையம் என்றால், நாடா இருக்கிறதா என்பதை மட்டும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதனால் அனுமதி கிடைக்காது, இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். உங்களுக்கு உதவி செய்யப் போகிற அதே ஆட்களிடம் சட்டத்தைக் காட்டுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

அதுவரை மாற்று ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மருமகன் அண்ணாவியாரின் மூத்த மாணாக்கரை அதே களரியில், அதே வரவுப் பாட்டைப் பாடி ஆடவைத்துப் பிடித்திருக்கிறான். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் படத்தொகுப்பில் அதை வேறொரு இடத்தில் வைத்துவிட்டு, கிளிப்புக்கான இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறான். போன கிழமை போட்டுக் காட்டினான். மத்தளம் அடிக்கிறது, திரை பன்னிரண்டு செக்கன் கறுப்பு. மூலையில் சிறிய எழுத்தில் ‘கடிதம் 2, பதிவுத் தபால்’ என்று போட்டு, கீழே பற்றுச்சீட்டு இலக்கம்.